நான்கு இலக்கம்

ஐகோர்ட் வளாகத்துச் சமரச மையத்தில்
மேசை வட்டமாக இருந்தது.
எதிரெதிரே உட்காரக் கூடாதென்று
வேண்டுமென்றே அப்படிச் செய்ததாம்.
அப்படியும் நாங்கள்
எதிரெதிரேதான் உட்கார்ந்தோம்.

சமரசர் எஸ்தர் நவமணி
முதல் நாளே சொல்லிவிட்டார்:
"நான் ஜட்ஜ் இல்லம்மா.
யார் சரின்னு என்னைக் கேக்காதீங்க.
இனிமே என்னன்னு கேளுங்க."
எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.
நீ செய்ததுதான் சரி என்று
யாராவது ஒருவர் சொல்லிக் கேட்கத்தான்
கொளத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி
வந்திருந்தேன்.

தயாபரனைத் தனியே அழைத்தபோது இருபது நிமிடம்.
என்னை அழைத்தபோது ஐம்பது.
அவன் என்ன சொன்னான் என்றேன்.
"அது அவரோடது" என்றார்,
ஏதோ குடையைப் பற்றிச் சொல்வதுபோல.

நான்காம் அமர்வில் ஃபிளாட் எனக்கென்றானது,
பாக்கிக் கடன் பதினோரு லட்சமும் சேர்த்து.
அடகிலிருக்கும் ஏழு பவுனை
தைக்குள் மீட்டுத் தருவது அவன் பொறுப்பு.
வாஷிங் மெஷினை இருவருமே வேண்டாமென்றோம்.
"குழந்தை இல்லாததால கேஸ் ஈஸி மேடம்"
என்றார் அவனுடைய வக்கீல்.
கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.
எஸ்தர் மேடம் தண்ணீர் பாட்டிலை
இங்கிருந்து எடுத்து அங்கே வைத்தார்.

ஆறாவது அமர்வு.
"வேற ஏதாவது விட்டுப்போச்சா?"

கேஸ் கனெக்‌ஷன், என்றேன்.

அது அவன் பெயரில், அவன் நம்பரில்.
அவன் பெருங்குடிக்குப் போய் பதினேழு மாதம்.
சிலிண்டர் பையன் வாசலில் நின்று
ஓடிபி கேட்பான்.
நான் அவனுக்கு "சிலிண்டர்" என்று அனுப்புவேன்.
நான்கு இலக்கம் வரும்.
பதினேழு மாதத்தில் ஒன்பது சிலிண்டர்,
முப்பத்தாறு இலக்கம்.
வக்கீல்கள் வழியாக அல்லாமல்
நாங்கள் பேசியது அவ்வளவுதான்.

ஒரு தடவை பதில் வரவில்லை.
இரண்டாம் மாடிப் படியில்
சிலிண்டர்மேலேயே உட்கார்ந்து
பையன் ரெண்டு சொம்பு தண்ணீர் குடித்தான்.
வாய்க்குள் திட்டித் தீர்த்தேன்.
பிறகு நம்பர் வந்தது,
கூடவே ஒரு வரி:
"லீக் செக் பண்ணு."
அதற்கு நான் பதில் போடவில்லை.

பதினோரு லட்சத்துக்குத் தலை நிமிராதவன்
இதற்கு நிமிர்ந்தான்.
"அது அப்படியே இருக்கட்டுமே.
எனக்கொண்ணும் சிரமமில்ல."

எஸ்தர் மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.
எதுவும் சொல்லவில்லை.
சும்மா இருக்கத்தான்
அவருக்குப் பயிற்சி கொடுத்திருக்க வேண்டும்.

சரி என்பது
நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"எனக்குச் சிரமமா இருக்கு" என்றேன்.
ஆறு அமர்வில்
கோபமில்லாமல் நான் சொன்ன
முதல் வாக்கியம்.

ஒன்பதாவது ஷரத்தாக அடித்தார்கள்:
முப்பது நாட்களுக்குள்
எரிவாயு இணைப்பை முதல் தரப்பினர்
இரண்டாம் தரப்பினர் பெயருக்கு
மாற்றித் தரச் சம்மதிக்கிறார்.
பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து.
பேனா கேட்டான், கொடுத்தேன்.
மூடி போட்டுத் திருப்பிக் கொடுத்தான்.
பத்து வருடத்தில் ஒருநாளும்
மூடி போட்டதில்லை.

எஸ்தர் மேடம் தன் குறிப்புத் தாள்களை
நாலாகக் கிழித்தார், எட்டாகக் கிழித்தார்.
இங்கே பேசியது இங்கேயே இருக்குமாம்.
குப்பைக்கூடையில் ஒரு துண்டில்
"ஐம்பது நி" வரை தெரிந்தது.

வெளியே வெயில்.
அவன் மெட்ரோ பக்கம் போனான்.
நான் பிராட்வே பஸ் ஸ்டாண்டுக்கு.

ஆடி முடியும்போது சிலிண்டர் வந்தது.
என் போனே சிணுங்கியது.
நான்கு இலக்கம் படித்துச் சொன்னேன்.
"நம்பர் மாத்திட்டீங்களாக்கா?
இனிமே வெயிட் பண்ண வேணாம்" என்று
சந்தோஷமாக இறங்கிப் போனான் பையன்.

ரெகுலேட்டரை மாட்டிவிட்டு
சோப்பு நுரை கரைத்துச் சுற்றிலும் தடவினேன்.
ஒரு குமிழும் வரவில்லை.
இருந்தும் கொஞ்ச நேரம்
குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.